உறிஞ்சற் சிகிச்சையும் உடற்பருமனும்: யாழ்ப்பாணச் சமூகப் பின்னணியில் ஒரு நோக்கு

கிண்ணம் ஒன்றைத் தோலின்மீது கவிழ்த்து, அதனுள் இருக்கும் காற்றைக் குறைத்துத் தோலையும் தசையையும் மேலிழுக்கும் சிகிச்சைமுறை இன்று ‘கப்பிங்’ என வழங்குகின்றது. தோலைக் கீறிக் குருதியும் எடுக்கப்படும்போது அது ‘ஹிஜாமா’ எனப்படும். முதுகுவலிக்கும் கழுத்துவலிக்கும் உரியதாக அறியப்பட்டிருந்த இம்முறை, அண்மைக் காலத்தில் உடல்நிறையைக் குறைக்கும் வழியாகவும் விளம்பரப்படுத்தப்படுகின்றது. 2016ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக் போட்டியின்போது அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸின் தோளிற் காணப்பட்ட வட்டத் தழும்புகள் உலகெங்கும் ஒளிபரப்பாகியமை இவ்வாணிபத்திற்குப் பெருந்துணை புரிந்தது.

இதனைக் குறித்து எமது படித்த வட்டாரங்களில் இருவேறு நிலைப்பாடுகள் காணப்படுகின்றன. முன்னோர் கையாண்ட முறையாதலின் நன்மையே பயக்கும் என்பது ஒன்று. பழைமையின் எச்சமாதலின் ஆராயாமலே தள்ளிவிடத் தக்கது என்பது மற்றையது. முதலாவது, மரபை வழிபாட்டுப் பொருளாக்குகின்றது. இரண்டாவது, மரபினுட் பொதிந்துள்ள உழைப்பையும் அனுபவத்தையும் காண மறுக்கின்றது. ஒரு சிகிச்சை யாருக்கு, எந்நிலையில், என்ன செய்கின்றது என்ற வினாவை இரண்டுமே எழுப்புவதில்லை.

வைத்திய நூல்கள் தமிழிலக்கியப் பரப்பினுள் அடங்குவன. யாழ்ப்பாணத்து இலக்கிய வரலாறு எழுதுவோர், ஆரியச் சக்கரவர்த்திகளின் சிம்மாசனப் பெயர்களைத் தாங்கிய ‘செகராசசேகரம்’, ‘பரராசசேகரம்’ என்னும் வைத்திய நூல்களைக் குறிப்பிடாது விடுவதில்லை. ஆயின் பெரும்பாலும் பெயர்க் குறிப்போடு நின்றுவிடுவர். அவற்றைச் சமுதாய வரலாற்றுச் சான்றுகளாகவும் வாசித்தல் வேண்டும் என்பது எமது கருத்து. அந்நோக்கில் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடைகாண முயல்கின்றது. உறிஞ்சற் சிகிச்சைக்கு எமது மருத்துவ மரபில் உள்ள இடம் யாது? அது உடலின் கொழுப்பைக் குறைக்க வல்லதா? உடல்நிறை குறைக்க முயலும் ஒருவர் அதனை நாடுவராயின், எவ்வெல்லைகளுக்குள் அது தீங்கின்றி அமையும்?

1. ஏட்டு மரபில் உறிஞ்சல்

சித்த மருத்துவம் மருந்துகளை அகமருந்து, புறமருந்து எனப் பகுத்து, ஒவ்வொன்றையும் 32 வகையாக விரிக்கும். புறமருந்து வகைகளுள் ஒற்றடம், வேது, தொக்கணம், பொடி திமிர்தல் முதலியவற்றோடு கீறல், அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் என்பனவும் இடம்பெறுகின்றன. அப்பட்டியலில் வரும் ‘கொம்பு கட்டல்’ என்பதைக் கொம்பு வைத்து உறிஞ்சுதல் எனச் சிலர் பொருள் கொள்வதுண்டு. முறிந்த எலும்பைப் பத்தை வைத்துக் கட்டுதல் என்பதே அதற்குப் பெரிதும் வழங்கும் விளக்கமாகும். உறிஞ்சல், குருதி வாங்கல் என்னும் இரண்டும் தனித்தனியே எண்ணப்பட்டிருத்தல் கவனிக்கத்தக்கது. காற்றைக் குறைத்துத் தோலை இழுப்பது வேறு, குருதியை வெளியேற்றுவது வேறு என்னும் தெளிவு அங்கே உள்ளது. இன்றைய வாணிபத்தில் இவ்விரண்டும் ஒரே பெயரின்கீழ் மயங்கிக் கிடக்கின்றன. இக்கட்டுரையில் முன்னதை உலர் உறிஞ்சல் என்றும், பின்னதைக் குருதி உறிஞ்சல் என்றும் குறிப்பிடுவோம்.

வடமொழியிற் சுசுருத சங்கிதை குருதி வாங்குதற்குக் கொம்பு, அட்டை, சுரைக்குடுவை என்னும் மூன்று கருவிகளைக் கூறி, முறையே வாதம், பித்தம், கபம் ஆகியவற்றாற் கெட்ட குருதிக்கு அவை உரியன என வகுக்கின்றது. கிரேக்க மருத்துவத்திலும், இபின் சீனாவின் நூல்வழி வளர்ந்த யூனானி மருத்துவத்திலும், சீன மருத்துவத்திலும் இம்முறை உண்டு. இஸ்லாமிய மரபில் அது நபிவழியாகவும் மதிக்கப்படுகின்றது. எனவே, இதனை ஓர் இனத்தின் தனிச்சொத்தாகக் காட்டிப் பெருமை பேசுவதற்கு வரலாறு இடந்தரவில்லை. கொம்பும் குடுவையும் கிடைத்த இடமெங்கும் மனிதர் இதனைக் கண்டுபிடித்தும் பிறரிடமிருந்து பெற்றும் வந்துள்ளனர்.

உடற்பருமனைப் பற்றி அப்பழைய நூல்கள் கூறுவது யாது? சரக சங்கிதையின் சூத்திரத்தானத்தில் மிகப் பருத்தவரையும் மிக மெலிந்தவரையும் சிறப்பாக ஆராயும் இயல் ஒன்று உண்டு. மிகுதியாக உண்ணுதல், உடலுழைப்பின்மை, பகலுறக்கம் ஆகியவை பருமனுக்குக் காரணங்களாக அங்கே காட்டப்படுகின்றன. வயிற்றை நிரப்பினும் ஊட்டம் குறைந்த உணவு, உலர்ந்த பொடிகொண்டு உடலைத் தேய்த்தல், உறக்கத்தைக் குறைத்தல், உடலுழைப்பு என்பன பரிகாரங்களாகின்றன. மிகையூட்டத்தால் விளையும் நோய்களைக் கூறும் வேறோர் இயலிற் குருதி வாங்கலும் சொல்லப்படுகின்றது. ஆயினும் அங்கு அது உடற்பயிற்சி, பட்டினி, வியர்ப்பித்தல், பேதி முதலான பலவற்றுள் ஒன்றாகவே வருகின்றது. கிண்ணத்தைக் கவிழ்த்தால் உடல் மெலியும் என்ற வாக்கை அவ்வியல்களில் நாம் காணவில்லை. மரபின் பெயரால் இன்று விற்கப்படுவது மரபிற் சொல்லப்படாத ஒன்றாகும்.

2. கையும் ஏடும்

உறிஞ்சலும் கீறலும் கையாற் செய்யப்படும் தொழில்கள். குருதியைத் தொடும் தொழில்கள். சாதி அமைப்பினுள் இத்தகைய தொழில்களின் நிலை யாதென்பது சொல்லாமலே விளங்கும். யாழ்ப்பாண வழக்கில் நாட்டு வைத்தியர் ‘பரியாரியார்’ என மரியாதை விகுதியுடன் அழைக்கப்படுவார். அதே ‘பரியாரி’ என்னும் சொல், விகுதியின்றி, மட்டக்களப்பு முதலிய இடங்களிற் சவரத் தொழிலாளரையும் சுட்டும். தமிழ்நாட்டிற் சவரத் தொழில் செய்வோருக்கு ‘மருத்துவர்’ என்பதும், அவர்தம் குடும்பங்களிற் பேறு பார்த்த பெண்களுக்கு ‘மருத்துவச்சி’ என்பதும் வழங்கு பெயர்களாயின. ஒரே சொல் இரு திசைகளிற் பிரிந்து, ஒரு பக்கம் ஏட்டறிவுக்கு உயர்வும் மறுபக்கம் கைத்தொழிலுக்கு இழிவும் கற்பிக்கப்பட்டமைக்கு இச்சொற்கள் சான்றாகின்றன.

இது தமிழருக்கு மட்டும் உரிய நிலையன்று. இங்கிலாந்தில் 1540ஆம் ஆண்டு முதல் 1745ஆம் ஆண்டு வரை சவரத் தொழிலாளரும் அறுவை வைத்தியரும் ஒரே தொழிற்கூட்டத்தினுள் இருந்தனர். நூல் கற்ற மருத்துவர் அவர்களுக்கு மேலாகத் தம்மைக் கருதினர். மூளை உழைப்பும் உடல் உழைப்பும் பிரிக்கப்பட்ட சமுதாயங்களில் மருத்துவமும் அவ்வாறே பிரிந்தது எனலாம். அதன் விளைவாகக் கையாற் செய்தோரின் அனுபவம் ஏடேறவில்லை. ஏடெழுதியோரின் கூற்றுகள் கையாற் செய்து சோதிக்கப்படவும் இல்லை. எவ்வளவு நேரம் உறிஞ்சினால் தோல் கொப்புளிக்கும், யாருக்குக் குருதி நில்லாது ஒழுகும் என்பன போன்ற நுண்ணறிவு பெரும்பாலும் பேச்சுவழியே கைமாறி, அத்தொழில் நலிந்தபோது அதனுடன் மறைந்தது. இன்று மரபு மீட்பு எனக் கூறிக் கிண்ணத்தைக் கையிலெடுப்போர், அக்கருவியை மட்டுமே மீட்கின்றனர். அதனைக் கட்டுப்படுத்திய அனுபவம் அவர்களிடம் வந்து சேரவில்லை.

ஏட்டு மரபைப் பேணும் முயற்சிகள் எம்மிடையே நடந்துள்ளமையை மறத்தலாகாது. ஏழாலை ஐ. பொன்னையா 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் பரராசசேகரத்தையும் செகராசசேகரத்தையும் அச்சிற் கொணர்ந்தார். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யூனானியையும் உள்ளடக்கி வைத்தியர் பதிவை ஒழுங்குபடுத்தியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984ஆம் ஆண்டு சித்த மருத்துவக் கல்வி தொடங்கப்பெற்றது. இவற்றின் பயனாக, பயிற்சி பெற்றுப் பதிவுசெய்த வைத்தியருக்கும், சில நாட் பயிற்சிச் சான்றிதழை மாட்டிவைத்துக் கடை திறப்பவருக்கும் இடையே வேறுபாடு காணும் வாய்ப்புப் பொதுமக்களுக்கு உண்டு. அவ்வாய்ப்பைப் பயன்படுத்துதல் வேண்டும்.

3. கிண்ணத்தினுள் நிகழ்வது

கிண்ணத்தினுள்ளே தீயால் வெப்பமூட்டிக் கவிழ்த்தாலும், கைப்பம்பியாற் காற்றை இழுத்தாலும் நிகழ்வது ஒன்றே. உள்ளே அமுக்கம் குறைகின்றது. வெளியே வளிமண்டல அமுக்கம் மாறாதிருக்கின்றது. தோலும் அதன் கீழுள்ள இழையமும் கிண்ணத்தினுள் எழும்புகின்றன. அவ்விடத்து மயிர்த்துளைக் குழாய்கள் விரிந்து குருதி பெருகுகின்றது. இழுவை மிகும்போது நுண்ணிய குழாய்கள் உடைந்து செங்கலங்கள் இழையத்தினுட் கசிகின்றன. பின்னர் தோன்றும் கருஞ்சிவப்பு வட்டம் அடிபட்ட இடத்துக் கன்றலுக்கு ஒப்பானது. கசிந்த குருதி சிதைந்து உறிஞ்சப்பட, சில நாள்கள் முதல் இரண்டு வாரங்கள் வரையில் அது மறையும். வட்டம் எவ்வளவு கறுத்ததோ அவ்வளவு ‘நச்சு’ உடலில் இருந்தது என்னும் விளக்கத்திற்கு ஆதாரம் இல்லை. இழுவையின் வலிமை, நேரம், தோலின் இயல்பு என்பனவே நிறத்தைத் தீர்மானிக்கின்றன.

குருதி உறிஞ்சலின்போது கிண்ணத்திற் கூழ்போல உறைந்து கிடப்பதைக் காட்டி, ‘கெட்ட இரத்தம்’ வெளியேறியது எனக் கூறுவதும் இத்தகையதே. தோலின் சிறு குழாய்களிலிருந்து வரும் குருதி ஒட்சிசன் குறைந்து கருமை கொண்டிருக்கும். உடலைவிட்டு வெளியேறிய குருதி உறைதல் இயல்பு. நல்ல உடல்நலம் உள்ளவரிடம் எடுத்தாலும் கிண்ணத்தில் அதே கூழைக் காணலாம். கழிவுகளை அகற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் நுரையீரலும் இடையறாது செய்துகொண்டிருக்கின்றன.

உறிஞ்சலாற் பயனே இல்லையா? கழுத்து, முதுகு, தோள் ஆகியவற்றின் நாட்பட்ட வலியைக் குறுகிய காலத்திற்குத் தணிப்பதிற் சில ஆய்வுகள் பயன் காட்டியுள்ளன. ஆனால் அவ்வாய்வுகளின் தரம் பெரும்பாலும் உயர்ந்ததன்று. தோலில் வட்டம் விழும் ஒரு சிகிச்சையில் நோயாளிக்குத் தெரியாமற் பொய்ச் சிகிச்சை அளித்து ஒப்பிடுதல் கடினம். ஆதலின், பெற்ற தணிவில் எவ்வளவு கிண்ணத்தால், எவ்வளவு நம்பிக்கையாலும் பராமரிப்பாலும் என்பதைப் பிரித்தறிதலும் கடினமாகின்றது. உடற்பருமனைப் பொறுத்தவரை நிலை இன்னும் பலவீனமானது. அங்கு உறிஞ்சல் உணவுக் கட்டுப்பாட்டுடனோ வேறு சிகிச்சைகளுடனோ கலந்தே பெரும்பாலும் அளிக்கப்படுகின்றது. குறைந்த நிறையைக் கிண்ணத்தின் கணக்கில் வைப்பதற்கு அத்தகைய முடிவுகள் போதா.

இவ்விடத்து மருத்துவ வரலாற்றுச் செய்தியொன்று பயன்படும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஐரோப்பிய மருத்துவமே குருதி வாங்கலிற் பெருநம்பிக்கை கொண்டிருந்தது. பாரிஸ் மருத்துவர் பியர் லூயி நோயாளிகளின் விபரங்களை வரிசைப்படுத்தி எண்ணிப் பார்த்து, நுரையீரல் அழற்சியிற் குருதி வாங்கலின் பயன் நம்பப்பட்டதைவிட மிகக் குறைவு என 1835இல் வெளியிட்ட நூலிற் காட்டினார். அப்பழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கி, பின்னர் ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழிற் கொணர்ந்த காலத்திலும் மேலைநாட்டு மருத்துவர் அதனை முற்றாகக் கைவிட்டிருக்கவில்லை. காலப்போக்கில் அது கைவிடப்பட்டமைக்குப் பழைமை காரணமன்று. எண்ணிப் பார்த்ததில் அது தேறவில்லை. அந்த அளவுகோல் கிழக்கு, மேற்கு என்ற பேதமின்றி எல்லா மருத்துவத்திற்கும் பொதுவானது.

4. கொழுப்பு வெளியேறும் வழி

உடலில் மேலதிகச் சக்தி கொழுப்புக் கலங்களிற் சேமிக்கப்படுகின்றது. உட்கொள்ளும் சக்தியைவிடச் செலவாகும் சக்தி மிகும்போது, ஓமோன்களின் தூண்டலாற் கொழுப்பு சிதைந்து குருதிக்குள் வந்து, தசை முதலிய இழையங்களில் எரிக்கப்படுகின்றது. எரிந்த கொழுப்பு எங்கே போகின்றது? 2014ஆம் ஆண்டு வெளியான கணிப்பொன்று இதனைத் தெளிவாக்கியது. 10 கிலோகிராம் கொழுப்பு முற்றாக எரியின், அதில் ஏறத்தாழ 8.4 கிலோகிராம் காபனீரொட்சைட்டாக மூச்சுவழி வெளியேறும். எஞ்சிய 1.6 கிலோகிராம் நீராகும். சுருங்கக் கூறின், கொழுப்பு மூச்சுவழி போகின்றது, கிண்ணத்தின்வழி போவதில்லை. வயிற்றின்மீது வைத்த கிண்ணம் தோலின் கீழுள்ள கொழுப்பை மேலே இழுத்துப் பின் இருந்த இடத்திலேயே விட்டுவிடும்.

கணக்கொன்றையும் நோக்குவோம். ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கிலோகலோரி சக்தி அடங்கியுள்ளது எனக் கொள்வது வழக்கம். 90 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் தம் நிறையில் நூற்றுக்கு 5 பங்கு, அதாவது 4.5 கிலோகிராம் குறைத்தாலே குருதியமுக்கத்திலும் குருதிச் சீனியிலும் நற்பயன் காணத் தொடங்கலாம். அதற்கு ஏறத்தாழ 35,000 கிலோகலோரி பற்றாக்குறை வேண்டும். நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைப்பின், ஏட்டுக் கணக்கில் 70 நாள்கள் செல்லும். நடைமுறையில் அது மேலும் நீளும். மறுபுறம், குருதி உறிஞ்சலில் 100 மில்லிலீற்றர் குருதி எடுக்கப்படுமாயின், தராசிற் குறைவது ஏறத்தாழ 100 கிராம். ஒரு குவளை நீர் அருந்தியதும் அது மீளும். இழந்த செங்கலங்கள் மீள்வதற்கோ வாரங்கள் வேண்டும். கொழுப்பு இருந்தபடியே இருக்க, இரும்புச்சத்தே செலவாகின்றது. ஏற்கெனவே குருதிச்சோகை உள்ள பெண்ணொருவர் நிறை குறையும் என நம்பித் திங்கள்தோறும் இதனைச் செய்வாராயின், அவர் இழப்பது எதனை என்பதைக் கூற வேண்டியதில்லை.

5. பருமனின் சமூக வேர்

உடற்பருமனைத் தனிமனிதரின் ஒழுக்கக் குறைபாடாகக் காண்பது முதலாளித்துவக் கருத்துநிலையின் இயல்பு. குற்றத்தை ஆள்மீது சுமத்திய பின்னர், பரிகாரத்தை அவருக்கு விற்பது எளிது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் உழைப்பும் உணவும் மாறிய வரலாற்றை நோக்கின் வேறொரு காட்சி தெரியும்.

குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. தோட்டப் பயிர்ச்செய்கை கிணற்றை நம்பியது. துலா மிதித்து நீரிறைத்த காலத்தில் ஒரு தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுதல் பலரின் பல மணிநேர உடலுழைப்பாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியின் பின் நீரிறைக்கும் இயந்திரம் பரவியது. கடும் உழைப்பின் துன்பம் குறைந்தமை வரவேற்கத்தக்கது. ஆனால் அவ்வுழைப்பிற்கென அமைந்த உணவளவு உடனே மாறவில்லை. உணவின் இயல்பும் வேறாகியது. குரக்கன், சாமை, வரகு, ஒடியல், கீரை, மீன் என்பன விலகி, தீட்டிய வெள்ளை அரிசியும் கோதுமை மாவும் சீனியும் முன்வந்தன. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்தது. 1980இல் திருகோணமலையிற் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. பாணும் கோதுமைமாப் பிட்டும் உழைப்பாளர் வீட்டின் மலிவான உணவாயின.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள் அரிதாகி, மக்கள் துவிச்சக்கர வண்டியிலேயே ஊர்விட்டு ஊர் சென்றனர். அக்காலத்து மெலிவை நலமெனப் போற்றுதல் கொடுமை. அது பசியாலும் அச்சத்தாலும் விளைந்த மெலிவு. 2009இல் யுத்தம் முடிந்து ஏ-9 வீதி மீண்டும் திறந்தபின், மோட்டார்ச் சைக்கிளும் குளிர்பானமும் பொதியுணவும் தவணைக் கடனும் ஒருங்கே வந்தன. ஒரு தலைமுறைக் காலத்தினுள் ஒரே மக்கட் கூட்டம் பற்றாக்குறையிலிருந்து மலிவான மிகைச் சக்திக்குத் தள்ளப்பட்டது. இன்றைய நீரிழிவையும் பருமனையும் இப்பின்னணியிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. 1848இல் மேல் சைலீசியாவின் கொள்ளைநோயை ஆராயச் சென்ற ஜெர்மானிய மருத்துவர் விர்சோ, அங்குள்ள மக்களின் வறுமைக்கும் கல்வியின்மைக்கும் அரசியல் உரிமையின்மைக்கும் பரிகாரம் வேண்டினார். அந்நோக்கு எமக்கும் வழிகாட்ட வல்லது.

பருமன் பற்றிய அளவுகோலும் இங்கே கவனத்திற்குரியது. தென்னாசியரிடம் குறைந்த நிறையிலேயே நீரிழிவு தோன்றுவதால், உடற்றிணிவுச் சுட்டெண் 23இலிருந்தே ஆபத்து உயர்வதாகவும் 27.5இலிருந்து மிகுவதாகவும் 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு வகுத்தது. இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்ரிமீற்றரும் பெண்களில் 80 சென்ரிமீற்றரும் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. அழகுநிலையத் தராசு காட்டும் எண்ணைவிட இடுப்பைச் சுற்றிய நாடா மிகுதியாக உணர்த்தும்.

நிறையைக் குறைக்கும் முயற்சி எளிய இடங்களிலிருந்தே தொடங்கலாம். இரண்டு தேக்கரண்டிச் சீனியிட்ட தேநீரிற் சீனியால் வருவது ஏறத்தாழ 40 கிலோகலோரி. நாளுக்கு ஐந்து முறை அருந்துவோர் சீனியை நீக்கினால் நாளொன்றுக்கு 200, மாதத்திற்கு 6000 கிலோகலோரி குறையும். எந்தக் கிண்ணமும் செய்யாததை இந்தத் தேநீர்க் கிண்ணம் செய்யும். அதனுடன் சோற்றின் அளவைச் சுருக்கிக் கறிவகைகளையும் பயறுவகைகளையும் கூட்டுதலும், கிழமைக்கு 150 நிமிடமேனும் விரைந்து நடத்தலும் சேரவேண்டும்.

6. பாதுகாப்பின் எல்லைகள்

உறிஞ்சலுக்கு இம்முயற்சியில் இடமே இல்லையா எனின், ஒரு சிறிய இடம் உண்டு. முழங்காலும் முதுகும் வலிப்பதாற் பலர் நடையைக் கைவிடுகின்றனர். முதுகு, தோள் தசைகளின் வலி தணிந்து ஒருவர் மீண்டும் நடக்கத் தொடங்குவாராயின், உலர் உறிஞ்சல் நடைக்குத் துணையாகின்றது. நிறையைக் குறைப்பது நடையும் உணவும் ஆகும். இவ்வெல்லையை ஏற்பவர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்.

(அ) உடல்நிறை குறைப்பதற்காகக் குருதி உறிஞ்சல் வேண்டாம். அதனால் எதிர்பார்க்கத்தக்க பயன் இல்லை. குருதிச்சோகை, தொற்று, தழும்பு ஆகிய ஆபத்துகள் உண்டு.

(ஆ) சிகிச்சைக்கு முன்னர் குருதியமுக்கம், குருதிச் சீனி, ஈமோகுளோபின் ஆகியவற்றை அரசினர் வைத்தியசாலையிலோ மருந்தகத்திலோ சோதித்துக்கொள்ளல் வேண்டும். உண்ணும் மருந்துகளைச் சிகிச்சை செய்பவரிடம் மறைத்தல் ஆகாது. கிண்ணம் வைத்தவர் சொன்னார் என்பதற்காக நீரிழிவு, குருதியமுக்க மருந்துகளை நிறுத்துதல் உயிராபத்தை விளைக்கலாம்.

(இ) கருவுற்றோர், குருதிச்சோகை உள்ளோர், குருதி உறையாமை நோயுள்ளோர், வார்பரின் முதலிய உறைதடுப்பு மருந்து உண்போர், கடும் இதய நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ளோர், தளர்ந்த முதியோர், சிறுவர் ஆகியோர் இதனைத் தவிர்த்தல் வேண்டும். அஸ்பிரின், குளோபிடோகிரல் உண்போர் தமது மருத்துவரைக் கேளாமற் செய்தலாகாது.

(ஈ) தலை, முன்கழுத்து, கண்ணின் அயல், புடைத்த நாளங்கள், புண், படை, சொறி உள்ள இடங்கள் ஆகியவற்றிற் கிண்ணம் வைத்தலாகாது. தலையில் வைத்தபின் மண்டையோட்டினுட் குருதி கசிந்தமை அரிதாகவேனும் பதிவாகியுள்ளது. தோற்படைகள் சிலவற்றை உறிஞ்சல் மேலும் கிளறிவிடும்.

(உ) தீயிட்டு வைக்கும் கிண்ணத்தைவிடக் கைப்பம்பிக் கிண்ணம் நல்லது. நாட்பட்ட நீரிழிவினால் உணர்ச்சி குன்றியவருக்குச் சுடுவது தெரியாது. அவருடைய காலில் உண்டாகும் சிறு தீப்புண் ஆறாப் புண்ணாகி விரல் இழப்பிலும் முடியக்கூடும். எனவே நீரிழிவாளரின் பாதத்திலும் கணைக்காலிலும் எவ்வகைக் கிண்ணமும் வேண்டாம்.

(ஊ) மென்மையான இழுவையும் ஐந்து முதல் பத்து நிமிட நேரமும் போதும். கொப்புளம் எழுதல் அளவு மீறியமைக்கு அடையாளம். முந்திய வட்டங்கள் மறையும் முன்னர் அதே இடத்தில் மீண்டும் வைத்தலாகாது.

(எ) வெறும் வயிற்றில் வருமாறு சிலர் கூறுவர். இன்சுலினோ கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர் அவ்வாறு பட்டினி கிடப்பின், குருதிச் சீனி ஆபத்தான அளவுக்கு வீழும். மயக்கத்தைச் சிகிச்சையின் ‘வேலை’ எனக் கொண்டு காத்திருத்தல் கூடாது.

(ஏ) வேறு காரணத்திற்காகக் குருதி உறிஞ்சலை நாடுவோரேனும் கத்தியும் கிண்ணமும் ஒருமுறை மட்டும் பயன்படுவனவா, உறை பிரிப்பதைத் தம் கண்ணாற் காண முடிகின்றதா என நோக்குதல் வேண்டும். குருதி பட்ட கருவிகளால் ஈரலழற்சி பி, சி வைரசுகள் தொற்றக்கூடும். கொதிநீரில் அலசுதல் போதாது. மீளப் பயன்படுத்தும் கருவிகளை 121 பாகை செல்சியசில் அமுக்க நீராவியில் 15 நிமிடமேனும் வைத்தே தொற்று நீக்குவர்.

(ஐ) சிகிச்சையின் பின் காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, நில்லாக் குருதி, கடுந்தலைவலி என்பன தோன்றின் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

(ஒ) பயனை அன்றன்றைத் தராசால் அளத்தல் ஆகாது. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே நாடாவால் இடுப்பை அளந்து எழுதிவைத்தல் நன்று. இடுப்பு குறையாவிடின், மாற்ற வேண்டியது உணவையும் நடையையுமே. கிண்ணத்தின் எண்ணிக்கையைக் கூட்டுதலாற் பயனில்லை.

முடிவுரை

உறிஞ்சல் ஊர் வைத்தியத்தின் ஓர் அங்கமாக இருந்தபோது அதன் பயன்பெறுமதியே முதன்மை பெற்றது. சாதிப் படிநிலையின் கொடுமை அதனுள்ளும் இருந்தது. அதனை மறைத்துப் பொற்காலம் புனைதல் எமது நோக்கமன்று. இன்றோ அது பத்துச் சிகிச்சைகள் கொண்ட பொதியாக விலையிடப்பட்டுப் பண்டமாகியுள்ளது. பண்டமாகியதும், எவ்வளவு மிகுதியாகச் செய்யப்படுகின்றதோ அவ்வளவு நன்று என்னும் சந்தை விதி மருத்துவ விதியின் இடத்தைப் பிடிக்கின்றது. நோயாளி குணமடைவதிலும் பார்க்க, திரும்பி வருவதே வாணிபத்திற்கு வேண்டப்படுகின்றது.

இதனை எதிர்கொள்ளும் வழி மரபை ஏளனஞ் செய்வதன்று. சித்த வைத்தியரும் மேலைமுறை வைத்தியரும் இணைந்து, யாருக்கு வைத்தோம், என்ன நேர்ந்தது, எத்தனை பேருக்குத் தீங்கு விளைந்தது என்பதை எண்ணி எழுதத் தொடங்குவாராயின், ஏட்டுக்கும் கைக்கும் இடையில் நெடுங்காலமாக இருந்துவந்த பிளவு ஓரளவேனும் அடையும். அத்துடன், மாலையில் அச்சமின்றிப் பெண்களும் நடக்கத்தக்க வீதிகளும், உழைப்பாளர் வாங்கத்தக்க விலையிற் சிறுதானியமும் காய்கறியும், கிராம மருந்தகங்களில் ஒழுங்கான நீரிழிவுப் பரிசோதனையும் வேண்டும் என்ற கோரிக்கைகள் மருத்துவக் கோரிக்கைகளாகவே எழுப்பப்படல் வேண்டும். மக்களின் உடல், அவர்கள் உழைக்கும் முறையாலும் உண்ணும் முறையாலும் ஆக்கப்படுகின்றது. அவற்றை மாற்றும் ஆற்றலும் அம்மக்களிடமே உண்டு.